ஆமை முட்டைக்குப் போட்ட ஆட்டெரு

வெளிநாட்டில் இருக்கும் என் மனைவியின் தம்பிமார் தொலைபேசியில் வருடக்கணக்காக என்னிடம் கேட்டுவந்த கேள்வி ஒன்று உண்டு. "அத்தான், நீங்கள் உண்மையில என்ன வேலை செய்யிறியள்?" கடற்கரையில் நடக்கிற வேலை என்று சொல்வேன். பிறகு, ஆமை கரைக்கு வந்து முட்டை போட்டால் அதைப் பார்த்துக்கொள்கிற அரசாங்க வேலை என்று விளக்குவேன். உடனே தொலைபேசியை அக்காவிடம் கொடுக்கச் சொல்வார்கள். அக்காவை யாருக்குக் கட்டிக்கொடுத்தோம் என்று அவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்று விட்டேன். போன மாதம் ஓய்வூதியக் கடதாசி ஒன்றுக்காக ஊர்காவற்றுறையில் எங்கள் திணைக்களக் கந்தோருக்குப் போனபோது, இப்போது அங்கே இருக்கும் இளையவர்கள் ஒரு கருவியைக் காட்டினார்கள். சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிது. முட்டைகளோடு சேர்த்துப் புதைத்து விட்டால், இரண்டு மாதமும் மணலுக்குள் எவ்வளவு வெப்பம் இருந்தது என்று அதுவே குறித்து வைத்துக்கொள்ளுமாம். பிறகு கணினியில் செருகினால் எல்லாவற்றையும் சொல்லிவிடும். இது இல்லாத காலத்தில் என்ன செய்தீர்கள், எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். அந்தச் சாமானை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லத் தெரியாத சாமான். எனக்கு அதன் மேல் மரியாதையும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. ஏன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் வேலணைத் தோட்டக்காரன். அப்பாவும் அவருடைய அப்பாவும் புகையிலை நட்டவர்கள். யுத்தத்தில் தோட்டமும் போய், நாங்களும் பல இடம் போய், திரும்பி வந்தபோது கிணற்றுத் தண்ணீர் உப்பாகிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் திணைக்களத்தில் வெளிக்கள உதவியாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நேர்முகத்தில் நீந்தத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். நடக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். எடுத்துவிட்டார்கள்.

பயிற்சிக்குத் தெற்கே அனுப்பினார்கள், இரண்டு கிழமை. அந்தக் கரைகளில் ஆமைகள் தாராளமாக வரும். எங்கள் தீவுகளிலோ வருடத்துக்கு ஒன்றிரண்டு தடம் கண்டாலே பெரிய காரியம். வகுப்பு சிங்களத்தில் நடந்தது. எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் படிப்பித்தவர் கையாலும் பேசுகிறவர் என்பதால் முக்கியமான ஒன்று மட்டும் நன்றாக ஏறியது. முட்டை போட்டுச் சில மணி நேரத்துக்குள் கரு ஓட்டின் உட்பக்கத்தில், மேலே பார்த்தபடி ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். அவர் ஒரு கோழி முட்டையைக் கையில் வைத்துப் புரட்டி, கண்ணை மூடி, நாக்கை வெளியே தள்ளிக் காட்டினார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

திரும்பி வந்து கொஞ்சக் காலம் உண்மையிலேயே நடந்தேன், அவ்வளவுதான். வேலை என்றால் என்ன என்று தெரிந்தது எங்களுக்கு மேலதிகாரியாக நளாயினி மேடம் வந்த பிறகுதான்.

மேடம் கிளிநொச்சிப் பக்கத்தவர். என் மூத்த மகளை விட நாலைந்து வயதுதான் கூட. பெரிய தொப்பி ஒன்று போடுவார். வெப்பமானியைச் சப்பாத்துக்கும் காலுறைக்கும் இடையில் செருகி வைத்திருப்பார். என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். சத்தமாகப் பேச மாட்டார். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும், அதுதான் அடையாளம். "தயவு செய்து" என்று தொடங்கினார் என்றால் நாங்கள் ஏதோ பிழை செய்துவிட்டோம் என்று அர்த்தம். எதைப் போய்ச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான். மணல் காய்ந்து கிடக்கு மேடம் என்பேன். "அளந்தனீங்களோ?" தண்ணீர் கிட்ட வந்துட்டுது மேடம் என்பேன். "அளந்தனீங்களோ?" ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் மேடம் என்றேன். அதற்கும் அதே கேள்விதான் வந்தது.

மணலை எப்படிப் பார்ப்பது என்று அவர்தான் காட்டித் தந்தார். ஆமை ஓர் இடத்தைத் தோண்டிப் பார்த்துவிட்டு முட்டை போடாமல் திரும்பிப் போயிருந்தால், அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பார். ஒரு முழ ஆழத்தில் கையை விட்டு ஒரு பிடி மணல் எடுத்துப் பொத்திப் பிடிப்பார். கையைத் திறக்கும்போது மணல் உருண்டையாகவே நின்றால் நல்லது. உதிர்ந்தால் ஈரம் போதாது, ஆமை தோண்டத் தோண்டக் குழி சரியும். விரலிடுக்கால் தண்ணீர் கசிந்தால் முட்டைகள் மூச்சு முட்டிச் சாகும். முட்டை மூச்சு விடும் என்பதே எனக்குப் புதினமாக இருந்தது. அதற்கும் ஒரு சோதனை வைத்திருந்தார். அடியில் துளை போட்ட பால்மாத் தகரப் பேணி ஒன்றில் மணலை நிரப்பி, ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் கீழே இறங்குகிறது என்று மணிக்கூட்டைப் பார்ப்பார். தண்ணீர் தாமதமாக இறங்கினால் காற்றும் உள்ளே போகக் கஷ்டப்படும். நெடுந்தீவில் காட்டுக் குதிரைகள் நடந்து திரிகிற இடத்து மணல் அந்தப் பேணியில் எப்போதும் தோற்றுப்போகும்.

எல்லாவற்றையும் விட வெப்பம் பெரிது. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணல்தான் தீர்மானிக்கிறது. மணல் சூடாக இருந்தால் பெண், குளிர்ந்திருந்தால் ஆண். இன்னும் சூடேறி முப்பத்திமூன்று பாகையைத் தாண்டினால் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, சாவுதான். இதைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருந்த இடத்தில் தேத்தண்ணிக் கடைக்காரரிடம் சொன்னேன். அவருக்கு ஐந்து பெண் பிள்ளைகள். தன் வீட்டுக்கு இவ்வளவு காலமும் கூரைத் தகடு போட்டதுதான் பிழையோ என்று கேட்டார்.

மேடத்தின் கெட்டித்தனத்துக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். அவர் வந்த முதல் வருடம் நெடுந்தீவின் மேற்குக் கரையில் ஒரு கூடு இருந்தது. ஒரு காலை நாங்கள் போனபோது குஞ்சுகள் வெளிக்கிட்டிருந்தன. மணலில் தடங்களைப் பார்த்தால், ஒன்றுகூடக் கடலுக்குப் போகவில்லை. எல்லாம் தரைப் பக்கம், ஒழுங்கைத் தெருவில் புதிதாக நட்டிருந்த சூரிய மின் விளக்கை நோக்கிப் போயிருந்தன. கடல் மேல் தெரிகிற வெளிச்சத்தைப் பார்த்துப் போகிற சாதி, விளக்கைக் கடல் என்று நினைத்துவிட்டது. விளக்குக் கம்பத்தடியில் காகங்கள் கூடி நின்றன. ஒன்றையும் காப்பாற்ற ஏலாமல் போய்விட்டது. மேடம் அன்றைக்கு வெகு மரியாதையாக இருந்தார்.

விளக்கை அகற்றச் சொல்லிக் கடிதம் எழுதினால் பதில் வர அடுத்த பருவம் ஆகிவிடும். ஊராருக்கும் அந்த விளக்கு வேண்டும். கடற்கரைக்குக் கிட்ட இருந்த வீட்டில் செல்லக்கா என்று ஒரு மனுசி, ஆடு வளர்ப்பவர், நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் அவருடைய முற்றத்தில் கிடந்த பனையோலைக் கடகக் கூடையைக் காட்டி, தருவீர்களா என்று கேட்டார். கடகத்தைப் பாதியாக வெட்டி, ஏணி வைத்து, விளக்கின் கடல் பக்கத்தில் கட்டினோம். ஒழுங்கைக்கு வெளிச்சம் இருந்தது, கடற்கரை இருட்டாகிவிட்டது. அடுத்த கூட்டுக் குஞ்சுகள் நேரே கடலுக்குப் போயின. தன் கடகம் அரசாங்க வேலைக்குப் போய்விட்டது என்று செல்லக்கா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

மேலிடத்தில் ஒரு யோசனை இருந்தது. தீவுகளில் கிடைக்கிற முட்டைகளை அங்கேயே வைத்துக் காவல் காப்பது வீண் வேலை, எல்லாவற்றையும் படகிலும் வாகனத்திலும் ஏற்றித் தெற்கே இருக்கிற பொரிப்பிடத்துக்கு அனுப்பலாம் என்று. எங்கள் ரோட்டையும் படகையும் நினைத்துப் பாருங்கள். குலுங்கிக் குலுங்கி அங்கே போய்ச் சேரும்போது ஓட்டுக்குள் என்ன மிஞ்சும்? பிழைத்தாலும், பொரிக்கிற குஞ்சு வேறு ஒரு கரையின் மணலில் பொரித்து வேறு ஒரு கடலில் இறங்கும். பெரிதாகி முட்டை போட எங்கள் பக்கம் வருமா என்பது சந்தேகம். மேடம் விடாமல் எழுதி, ஒரு பருவம் தவணை வாங்கினார். நெடுந்தீவு மணலிலேயே ஒரு கூட்டை ஒழுங்காகப் பொரிக்க வைத்து, தினமும் வெப்பம் எடுத்து, பதிவேட்டோடு காட்ட வேண்டும். தவறினால் அடுத்த வருடம் முட்டைகள் வாகனம் ஏறும்.

அந்தப் பருவத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு கூடு. பங்குனி மாதம், ஒரு விடியற்காலை. ஆமை தண்ணீர் ஏறுகிற கோட்டுக்குக் கீழேயே முட்டை போட்டுவிட்டுப் போயிருந்தது. அடுத்த பெருக்கு வந்தால் முட்டைகள் குளித்துவிடும். மாற்றியே ஆக வேண்டும். தடம் இன்னும் ஈரமாக இருந்தது, நேரம் இருந்தது.

அந்த வேலையை மேடம் செய்த விதம் எனக்குப் படம் போலத் தெரிகிறது. நகம் படாமல் விரல் நுனியால் மணலை விலக்கினார். முதல் முட்டை தெரிந்ததும் பென்சிலால் அதன் உச்சியில் ஒரு புள்ளி வைத்தார். ஒவ்வொன்றாக எடுத்து, புள்ளி மேலே இருக்கும்படி, அதே குழியின் ஈர மணல் போட்ட வாளியில் வைத்தார். நான் எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. குழியின் ஆழத்தையும் வாயின் அகலத்தையும் தடியால் அளந்து, உயரத்தில், செடிகள் தொடங்குகிற இடத்துக்குச் சற்று முன்னால், அதே அளவில் அடி அகன்று வாய் குறுகிய ஒரு குழி தோண்டினோம். புள்ளிகள் மேலே பார்க்க முட்டைகளை இறக்கினோம். பக்கத்தில் வெப்பமானி விட ஒரு குழாய் நட்டோம். மேலே அந்தக் கரையின் வெள்ளை மணலையே போட்டு மூடினோம். சுற்றி வேலி. கடைசிவரை அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மூன்று கிழமை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு மேடத்தைக் கொழும்புக்கு ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். போகும்போது தன் சொந்த வெப்பமானியை என்னிடம் தந்தார். "காலமை ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா அளந்து எழுதுங்கோ அண்ணை. வேற ஒண்டும் செய்ய வேண்டாம்."

அந்தக் கடைசி வசனம்தான் எனக்குப் பொருந்தாத வசனம். ஒரு தோட்டக்காரனிடம் ஒரு பாத்தியைக் காட்டி, அதற்குள் நூற்றுப் பன்னிரண்டு உயிர் இருக்கிறது, நீ ஒன்றும் செய்யாதே என்றால் அவன் எப்படி இருப்பான்? வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மணல் வெள்ளை வெளேரென்று, காய்ந்து, ஒரு சத்தும் இல்லாமல் கிடந்தது. பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. வேலணையில் அந்த வெயிலுக்குப் புகையிலைக் கன்றை அப்படி விட்டால் அப்பா எனக்குச் சோறு போட மாட்டார்.

ஐந்தாம் நாள் செல்லக்கா வீட்டுக் கிணற்றடியில் குனிந்தபோது வெப்பமானி சட்டைப் பையிலிருந்து விழுந்து, கடல் பவளம் இறுகின முருகைக்கல்லில் பட்டு உடைந்தது. அரசாங்கச் சாமானாக இருந்தால் கடிதம் எழுதியிருப்பேன். மேடத்தின் சொந்தச் சாமான், வெட்கமாக இருந்தது. அவர் தொலைபேசியில் எடுத்தபோது எல்லாம் சுகம் என்றேன். என் உள்ளங்கையே எனக்கு வெப்பமானி, எத்தனை ஆயிரம் கன்று பார்த்த கை என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதிவேட்டில் இருபத்தொன்பது பாகை என்று எழுதினேன். அடுத்த நாளும் இருபத்தொன்பது. எல்லா நாளும் ஒன்றுபோல இருந்தால் நம்ப மாட்டார்கள் என்று இடைக்கிடை ஓர் இருபத்தெட்டரையும் ஓர் இருபத்தொன்பதரையும் போட்டேன். பொய்யையும் நேர்த்தியாகச் செய்கிற பழக்கம்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கரையில் சாதாளை குவிந்து கிடந்தது. கடலில் வளர்கிற புல், ஒதுங்கிக் கிடப்பதை எங்கள் ஆட்கள் அள்ளிக்கொண்டு போய்த் தோட்டத்துக்குப் பசளையாகப் போடுவார்கள். நாலு கூடை அள்ளிக் கூட்டின் மேல் பரப்பினேன், வெயில் படாமல் இருக்கட்டும் என்று. செல்லக்காவிடம் போய் ஆட்டெரு கேட்டேன். யாருக்கு என்றார். ஆமைக்கு என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, நல்லாக் காய்ந்த எருவாக ஒரு சாக்குக் கட்டித் தந்தார். அதை மேல் மணலோடு கலந்து கொத்திவிட்டேன். பிறகு ஒவ்வொரு நாளும் விடியக் காலமை கிணற்றிலிருந்து இரண்டு வாளி தண்ணீர். பதினெட்டு நாள். பாத்தி கறுத்து, ஈரமாக, அழகாக வந்தது. இதைப் பார்த்து மேடம் என்ன சொல்வார் என்று நினைக்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மேடம் காலைப் படகில் வந்து இறங்கினார். இறங்குதுறை மரத்தடியிலேயே பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். இவ்வளவு வெயிலுக்கும் ஒரு பாகைகூட ஏறவில்லை என்று அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோதுதான் முதன்முதலாக அதைத் திருப்பி வாங்கிக் கிழித்துவிட வேண்டும் போல இருந்தது. இது போதும் அண்ணை, இனி முட்டைகளை ஒருவரும் இங்கேயிருந்து கொண்டுபோக ஏலாது என்றார்.

கூட்டடிக்கு வந்ததும் நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

"மிஸ்டர் குணரத்தினம், தயவு செய்து இது என்னெண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். சாதாளை, ஆட்டெரு, தண்ணீர். அவர் குந்தி இருந்து எருவை விரலால் கிளறினார். பிறகு பதிவேட்டை மறுபடி திறந்தார். அவர் முகத்தில் கோபம் போய், யோசனை வந்தது. அது கோபத்தை விட மோசமாக இருந்தது. மேலே இவ்வளவு எரு கிடந்தும் உள்ளே இருபத்தொன்பதுதான் என்றால் இதில் ஏதோ இருக்கிறது, மற்றக் கரைகளுக்கும் சொல்லிப் பார்க்கலாம் என்று, எனக்கல்ல, தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். படித்த பிள்ளை. எழுதியிருக்கிற எண்ணை நம்பினார். கொழும்பிலிருந்து வாங்கி வந்த புது வெப்பமானியை எடுத்து, நூலில் கட்டி, குழாய்க்குள் இறக்கினார். ஐந்து நிமிடம் விட வேண்டும்.

அந்த ஐந்து நிமிடத்தில் நான் பட்ட பாட்டை எப்படி எழுதுவது. அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியாது. உண்மையிலேயே இருபத்தொன்பது வந்துவிட்டால் நான் தப்பிவிடுவேன். ஆனால் அதை நம்பி இன்னும் எத்தனை கரைகளில் என்னைப் போல ஆட்கள் எருச் சாக்கோடு நிற்பார்களோ. இரண்டு நிமிடம் போயிற்று. மூன்று நிமிடம் போயிற்று.

"மேடம், அது நான் அளக்கேல்லை," என்றேன். "உங்கட வெப்பமானி அஞ்சாம் நாளே உடைஞ்சு போச்சு. மிச்சமெல்லாம் நானா எழுதினனான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மிச்ச இரண்டு நிமிடத்தையும் மணிக்கூட்டில் பார்த்து முடித்தார். நூலை இழுத்தார். முப்பத்திநாலு.

அவர் ஏசியிருந்தால் நான் ஆறுதலாக இருந்திருப்பேன். பதிவேட்டையும் பேனையையும் என் கையில் தந்தார். பொய்யாக எழுதிய ஒவ்வொரு எண்ணையும் ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் அளக்கவில்லை என்று எழுதச் சொன்னார், தயவு செய்து. மணலில் குந்தியிருந்து பதினெட்டு நாளுக்கும் எழுதினேன். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு அப்படி ஒரு தண்டனை கிடைத்ததில்லை.

பிறகு வேலை தொடங்கியது. முட்டைகளை இனி அசைக்க ஏலாது, கரு ஒட்டிவிட்டது. மேலே இருப்பதைத்தான் எடுக்கலாம். சாதாளையைக் கையால் அள்ளினோம். கீழே அது அவிந்து, கை சுடுகிற அளவுக்கு வெக்கையாக இருந்தது. எருவை மணலோடு சேர்த்துச் சிரட்டையால் மெல்ல மெல்லச் சுரண்டினோம். அதற்குக் கீழே, நான் ஊற்றிய தண்ணீரால், முருகைக்கல் மா கலந்த அந்த மணல் காய்ந்த சாந்து போல ஒரு படலமாக இறுகிக் கிடந்தது. அதன் ஒரு துண்டைப் பெயர்த்துப் பால்மாப் பேணியில் வைத்து மேடம் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் அப்படியே நின்றது. அவர் அதை எனக்கு நீட்டிக் காட்டினார். வெள்ளை மணல் வெயிலைத் தன்பாட்டில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. நான் அதன் மேல் கறுப்புப் போர்வை போர்த்து, மூச்சு விடுகிற வழியையும் பூசி அடைத்திருந்தேன். படலத்தைக் கைக்கு எட்டியவரை எடுத்தோம். முட்டைகளுக்குக் கிட்ட இருந்ததை அசைக்கப் பயமாக இருந்தது, விட்டுவிட்டோம். புது மணலை அரித்துப் போட்டோம்.

செல்லக்கா வேலியடியில் வந்து நின்று, ஆமைக்கு எரு ஒத்துவரவில்லையோ என்று கேட்டார். இல்லை அக்கா என்றேன். அப்படியானால் வீணாக்காமல் திருப்பித் தரும்படி சொல்லி, சாக்கைக் கொண்டுவந்து தானே அள்ளிக்கொண்டு போனார். அவருடைய கத்தரிக்காய் அந்த வருடம் நன்றாகக் காய்த்தது.

நாலு தடி நட்டுத் தென்னோலைக் கிடுகு கட்டி மத்தியான வெயிலுக்கு மட்டும் நிழல் விழும்படி செய்தோம். நிழல் கூடினாலும் கூடாது என்று மேடம் கிடுகை ஒரு சாண் அங்கேயும் ஒரு சாண் இங்கேயும் நகர்த்திக்கொண்டே இருந்தார். முப்பத்திநாலு முப்பத்திமூன்று ஆயிற்று, முப்பத்தியொன்று ஆயிற்று, அங்கே நின்றது. நான் ஒரு நாளைக்கு ஐந்து தரம் அளந்தேன். இரண்டு தரம் போதும் என்று மேடம் சொன்னார். எனக்குப் போதவில்லை.

நாட்களை எண்ணத் தொடங்கினோம். ஐம்பது போயிற்று. சூட்டில் இருந்த முட்டைகள் கெதியாக, நாள் முந்தியே பொரிக்கும் என்று மேடம் சொல்லியிருந்தார். ஐம்பத்திரண்டும் போயிற்று. கூட்டடியில் குனிந்து மணலில் காதை வைத்துக் கேட்டேன். கேட்டது என் இதயம் அடிக்கிற சத்தம்தான். மனைவியிடம் சொல்லி நயினாதீவு அம்மனுக்கு நேர்த்திக்கடன் வைத்தேன். மேடம் தேத்தண்ணி குடிக்கிற பேணியைக் கையில் வைத்தபடி அப்படியே மறந்து நின்றார். தெற்கே வாகனம் ஒழுங்கு செய்வது பற்றி மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

ஐம்பத்தைந்தாம் நாள் பின்னேரம் மப்புக் கட்டி ஒரு சின்ன மழை தூறியது. மணல் குளிர்ந்தது. கூட்டின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்ததை நான்தான் முதலில் கண்டேன். பள்ளத்துக்குள் மணல் கொதிக்கிற கஞ்சி போல அசைந்தது. ஒரு கறுத்த மூக்கு தெரிந்தது. பிறகு ஒரு துடுப்பு. பிறகு ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு வரத் தொடங்கின.

கடல்வரை பாதையை நாங்கள் முன்னமே துப்புரவாக்கி வைத்திருந்தோம். எங்கெங்கோ இருந்து ஒதுங்கிய போத்தல்கள், வலைத் துண்டுகள், ஒற்றைச் செருப்புகள். ஆனால் தூக்கிக்கொண்டுபோய்க் கடலில் விடக் கூடாது, தாங்களே நடந்து போக வேண்டும். அதனால் நாங்கள் மூன்று பேரும், மேடம், செல்லக்கா, நான், பாதையின் இரண்டு பக்கமும் நின்று காகங்களை விரட்டினோம். செல்லக்கா கையில் குடையை வைத்து விசுக்கிய விசுக்கில் ஒரு தரம் மேடத்தின் தொப்பி பறந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்று. கடைசிக் குஞ்சை அலை இரண்டு தரம் திருப்பி எறிந்தது. மூன்றாம் தரம் கொண்டுபோயிற்று. நான் அழுதேன். மழை பெய்தபடியால் ஒருவருக்கும் தெரியவில்லை என்று அப்போது நினைத்தேன், செல்லக்காவுக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்று நாள் கழித்துக் கூட்டைத் தோண்டி மிச்சத்தை எண்ண வேண்டும். அது ஒழுங்கு. மேடம் குழியில் கையை விட்டார், எடுத்து என்னிடம் தந்தார், நான் வரிசையாக வைத்தேன். விட்டுவிட்ட அந்தப் படலத்தின் ஓரத்தின் கீழே மாட்டுப்பட்டுக்கொண்டு மூன்று குஞ்சுகள் இன்னும் உயிரோடு இருந்தன. அவற்றைத் தண்ணீர்க் கரையில் விட்டோம். மற்றவை முட்டைகள். மேல் அடுக்கு முழுவதும், எருவுக்குக் கிட்ட இருந்தவை. மேடம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். சிலவற்றில் ஓடு முற்றிய குஞ்சு, கண்கூடத் தெரிந்தது. அறுபத்தெட்டு. வெள்ளை மணலில் ஏழு வரிசையாகக் கிடந்தன.

எண்ணிய ஆள்தான் எழுத வேண்டும். பொரித்தவை, உயிரோடு எடுக்கப்பட்டவை, இறந்தவை என்று நிரப்பிக்கொண்டு வந்தேன். அடுத்தது காரணம் என்ற இடம். பேனையை அழுத்தி என் பெயரை எழுதினேன். அதை எழுதிய பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது.

மேடம் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். என் பெயரை ஒரு கோட்டால் வெட்டினார்.

"இதில உங்கட பேரை எழுதினா உங்களை வேற இடத்துக்கு மாத்துவினம், அவ்வளவுதான்," என்றார். "வாற வருசம் இன்னொரு தோட்டக்காரன் வந்து, மணலைப் பார்த்துப் பாவப்பட்டு, இதே எருவைப் போடுவான். என்ன நடந்ததெண்டு எழுதுங்கோ அண்ணை."

எழுதினேன். மேற்பரப்பில் சாதாளையும் ஆட்டெருவும், தினம் இரண்டு வாளி கிணற்றுத் தண்ணீர், பதினெட்டு நாள் வெப்பம் அளக்கப்படவில்லை, அளந்தபோது முப்பத்திநாலு பாகை, மணல் இறுகியிருந்தது. ஒன்றையும் விடவில்லை. கீழே அவர் கையெழுத்துப் போட்டார். வெட்டுக் கோடுகளோடு அந்தப் பதிவேடு அப்படியே மேலே போயிற்று. மேடம் தன் பெயருக்கு என்ன வரும் என்று யோசிக்காமல் அனுப்பினார். கடிதம் வரும்வரை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

கடிதத்தில், முட்டைகள் கெட்டதற்கு மணல் காரணம் அல்ல என்று தெரிகிறபடியால் தீவிலேயே தொடரலாம் என்று இருந்தது. முட்டைகள் வாகனம் ஏறவில்லை. இப்போதும் ஏறுவதில்லை. அதோடு, எல்லாக் கரைகளுக்கும் ஒரு சுற்றுநிருபம் வந்தது. கூடுகளை எப்படிப் பார்ப்பது என்று வழக்கமான ஒழுங்குகள், கடைசியில் புதிதாக ஒரு வரி: கூடுகளின் மேல் எந்த வகையான எருவும் இடக்கூடாது.

அந்த வரி இன்னும் இருக்கிறது. தெற்கே பயிற்சிக்குப் போய் வருகிற இளையவர்கள் சொல்கிறார்கள், வகுப்பில் அந்த வரி வந்ததும் எல்லோரும் சிரிப்பார்களாம். ஆமை முட்டைக்கு எந்த விசரன் எருப் போடுவான் என்று கேட்பார்களாம். எனக்கு முன்னால் இதைச் சொன்னபோதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்த விசரன் நான்தான் பிள்ளைகள். நீங்கள் சிரியுங்கள், எனக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அது அறுபத்தெட்டுக் குஞ்சுகள் செத்து எழுதின வரி, சிரித்து முடிந்ததும் ஒருக்கால் படியுங்கள்.